ஒரு பார்வையின் எடை



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, கண் மருத்துவம் பற்றிப் பேசப்போகிறீர்களா என்று ஒருவர் வாசலில் கேட்டார். அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன்: இல்லை. கிறிஸ்தவ இறையியலில் 900 ஆண்டுகளுக்கு மேலாக முடியாமல் நடந்துவரும் இரண்டு வழக்குகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடவுள் இல்லாமல் இருக்க முடியுமா என்பது ஒன்று. பாவத்தைத் தண்டிக்காமல் விட அவரால் முடியுமா என்பது மற்றொன்று.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வைத்தவர் என் மாணவர் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாளின் கடைசி மணி வகுப்பு. பாதிப் பேர் வரவில்லை. முந்தின வாரம் கடவுளின் அவசிய இருப்பைப் பற்றி நடத்தியிருந்தேன். அன்றைய பாடம் பாவமும் தண்டனையும். அந்த மாணவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். “ஐயா, போன வாரம் கடவுளால் இல்லாமல் இருக்க முடியாது என்றீர்கள். இந்த வாரம் தண்டிக்காமல் இருக்க முடியாது என்கிறீர்கள். அதுவும் முடியாது, இதுவும் முடியாது என்றால் சர்வ வல்லவர் என்று எப்படி ஐயா சொல்வது?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு, மணி அடித்ததும் கிளம்பிவிட்டேன். இன்றைய உரை அவருக்கு நான் வைத்திருக்கும் பாக்கி.

இரண்டு வழக்குகளையும் தொடுத்துவிட்டவர் ஒரே ஆள் என்பது வியப்பானது. ஆன்செல்ம். 1033இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆவோஸ்தாவில் பிறந்து, நார்மண்டியில் உள்ள பெக் மடத்துக்கு லான்பிராங்க் என்ற ஆசிரியரின் புகழ் கேட்டுப் போய், அங்கேயே துறவியாகி, 1078இல் மடத் தலைவராகி, 1093இல் இங்கிலாந்தின் கேன்டர்பரிக்குப் பேராயரானவர்.

பெக் மடத்தில் அவருக்கு ஓர் ஆசை பிடித்தது. கடவுளைப் பற்றிப் பல வாதங்களைச் சங்கிலியாகக் கோத்து ஒரு நூல் எழுதி முடித்திருந்தார். சங்கிலி அவருக்குப் போதவில்லை. வேறெந்த முட்டுக்கொடுப்பும் வேண்டாத ஒற்றை வாதம் ஒன்று கிடைக்காதா என்று தேடத் தொடங்கினார். அவருடைய சீடரும் வரலாற்றாசிரியருமான ஈட்மர் இதை ஒரு நோயின் கதை போலவே சொல்கிறார். சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, வழிபாட்டில் மனம் நிற்கவில்லை. இது பிசாசின் சோதனையோ என்று பயந்து அந்த எண்ணத்தையே துரத்தப் பார்த்தார். துரத்தத் துரத்த அது திரும்பி வந்தது. ஓர் இரவு வழிபாட்டின் நடுவே சட்டென்று விளங்கியது. மெழுகுப் பலகைகளில் எழுதி, பத்திரமாக வைக்கச் சொல்லி ஒரு சகோதரரிடம் கொடுத்தார். சில நாள் கழித்துக் கேட்டால் பலகைகளைக் காணோம். மறுபடி எழுதிக் கொடுத்தார். அந்தச் சகோதரர் இம்முறை படுக்கையின் உட்பக்கம் ஒளித்து வைத்தார். மறுநாள் பலகை உடைந்து, மெழுகு தூள் தூளாகத் தரையில் கிடந்தது. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்து, போனது போகட்டும் என்று தோலில் எழுத ஏற்பாடு செய்தார்கள். அதுதான் ‘புரோஸ்லோகியோன்’. உலகத் தத்துவ வரலாற்றில் இத்தனை கண்டங்களைத் தாண்டிப் பிழைத்த வாதம் வேறு உண்டா என்று தெரியவில்லை. பிழைத்தபின் வந்த கண்டங்களோ இன்னும் அதிகம்.

வாதம் இதுதான். எதைவிடப் பெரிய ஒன்றை நினைக்கவே இயலாதோ, அதையே கடவுள் என்கிறோம். கடவுள் இல்லை என்று சொல்பவரும் இந்தச் சொற்களைக் கேட்கிறார், பொருள் கொள்கிறார். ஆகவே அது அவர் மனத்தில் இருக்கிறது. மனத்தில் மட்டும் இருந்தால், மெய்யாகவும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடும். அப்போது எதைவிடப் பெரியதை நினைக்க இயலாதோ அதைவிடப் பெரியதை நினைத்துவிட்டோம். முரண். எனவே அது மெய்யாகவும் இருக்கிறது.

கேட்டவுடன் யாருக்கும் வாய்ப்பந்தல் என்றுதான் தோன்றும். தூர் நகருக்கு அருகே மார்மூட்டியே மடத்தில் இருந்த கௌனிலோ என்ற துறவிக்கும் அப்படியே தோன்றியது. அவர் தீவு ஒன்றைக் கற்பித்தார். எல்லாத் தீவுகளிலும் செழிப்பான, யாரும் கண்டறியாத தீவு. அது மனத்தில் மட்டும் இருந்தால் மெய்யாக உள்ள ஏதோ ஒரு மணல்திட்டு அதைவிடச் சிறந்ததாகிவிடும். ஆகவே அந்தத் தீவு கடலில் எங்கோ இருந்தே தீர வேண்டும். யாராவது இப்படிச் சொன்னால் அவர் விளையாடுகிறாரா, அவரை நம்பிய நான் முட்டாளா, எது என்று முடிவுசெய்வது எனக்குக் கடினம் என்கிற தொனியில் எழுதினார். ஆன்செல்ம் இதற்குப் பதில் எழுதினார். அதோடு நிற்கவில்லை. இனிமேல் என் நூலைப் படியெடுப்பவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் என் பதிலையும் கடைசியில் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தன்னை மறுத்தவரைத் தன் புத்தகத்திலேயே குடிவைத்தவர். நம் ஊர் இலக்கியச் சண்டைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன்.

நமக்கு இங்கே வேண்டியது அந்த நூலின் மூன்றாம் அத்தியாயம். அதில் வாதம் ஒரு படி ஏறுகிறது. கடவுள் இருக்கிறார் என்பதோடு நில்லாமல், அவர் இல்லை என்று நினைக்கவும் இயலாது என்கிறார். மேசை இருக்கிறது, இல்லாமலும் போயிருக்கலாம். நான் இருக்கிறேன், என் தாத்தா வேறொரு ரயிலில் ஏறியிருந்தால் இல்லாமல் போயிருப்பேன். இப்படி இருந்தும் இல்லாமலும் போகக்கூடிய பொருள் எதுவும், எல்லாவற்றிலும் பெரியதாக இருக்க முடியாது. தீவு இங்கேதான் கழன்று விழுகிறது. எவ்வளவு செழித்தாலும் தீவு கடலில் மூழ்கக்கூடியது.

இதற்குப் பிறகு நடந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், கடவுள் என்பதன் சாரம் நமக்குத் தெரியாதபோது அதிலிருந்து அவர் இருப்பை உருவ முடியாது என்று இந்த வாதத்தை ஒதுக்கினார். ஆனால் கடவுள் அவசியமாக இருப்பவர் என்பதை உலகிலிருந்து தொடங்கும் வேறு வழியில் நிறுவினார். லைப்னிட்ஸ், அப்படிப்பட்ட ஒன்று சாத்தியம்தான் என்பதை முதலில் காட்டுங்கள், மிச்சம் தானாக வரும் என்றார். 1781இல் காண்ட், இருப்பு என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்றே அல்ல என்று சொல்லிக் கதவைச் சாத்தியதாக எல்லாரும் நம்பினார்கள். 1948இல் ஃபின்ட்லே வாதத்தையே தலைகீழாக்கினார்: வணங்கத் தகுந்தது எதுவோ அது அவசியமாக இருந்தாக வேண்டும், அவசியமாக எதுவும் இருக்க முடியாது, எனவே கடவுள் இல்லை. 1960இல் நார்மன் மால்கம் மூன்றாம் அத்தியாயத்தைத் தூசிதட்டி எடுத்தார். 1974இல் ஆல்வின் பிளான்டிங்கா அதற்குப் புதிய தருக்கச் சட்டை தைத்துப் போட்டார். ஆனால் இது கடவுளை மெய்ப்பித்துவிட்டதாக நான் சொல்லவில்லை, அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒவ்வாததல்ல என்பதே இதன் பயன் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

வாதம் வெல்கிறதா தோற்கிறதா என்பதில் எனக்கு இப்போது அவ்வளவு அக்கறை இல்லை. தத்துவப் பாடநூல்கள் புரோஸ்லோகியோனின் மூன்று அத்தியாயங்களை வெட்டியெடுத்துப் பாடமாக வைக்கின்றன. நூலில் இருப்பவை 26. எட்டாவது அத்தியாயத்துக்கு வரும்போது ஆன்செல்மின் வியர்வை தெரிகிறது. எல்லாவற்றிலும் பெரியவர் துன்பத்தால் தாக்கப்படக்கூடாது. தாக்கப்படாதவருக்கு இரக்கம் எப்படி வரும்? முழு நீதியாளர் கெட்டவனை எப்படிச் சும்மா விடுவார்? பக்கம் பக்கமாகத் திணறுகிறார். இரக்கத்தின் பயனை நாம் உணர்கிறோம், அதன் வலியை அவர் உணர்வதில்லை என்கிறார். கெட்டவனைத் தண்டிப்பது அவன் தகுதிக்கு ஏற்ற நீதி, விடுவிப்பது கடவுளின் நன்மைக்கு ஏற்ற நீதி, இரண்டும் நீதிதான் என்கிறார். அப்படியானால் ஒரே அளவு கெட்ட இருவரில் ஒருவனை ஏன் விடுகிறார், மற்றவனை ஏன் தண்டிக்கிறார்? அதை எந்த அறிவாலும் பிடிக்க முடியாது என்று பதினோராம் அத்தியாயத்தில் கையை விரித்துவிடுகிறார். கடவுளின் இருப்பையே ஒற்றை வாதத்தில் கட்டி நிறுத்திய கை அது.

ஆக, இரண்டாம் வழக்கு முதல் வழக்கின் வயிற்றிலேயே இருந்தது. அது வெளியே வர 20 ஆண்டுகள் ஆயின.

அந்த 20 ஆண்டுகளில் ஆன்செல்மின் வாழ்க்கை மாறிப்போயிருந்தது. 1093 மார்ச்சில், சாகக் கிடந்த அரசர் இரண்டாம் வில்லியமின் படுக்கையருகே அவரை இழுத்துப் போய்ப் பேராயராக்கினார்கள். செங்கோலை வாங்க மறுத்து அவர் கையை மூடிக்கொள்ள, மூடிய விரல்மேலேயே அதை வைத்து அழுத்தினார்களாம். அடங்காத காளையோடு கிழட்டு ஆட்டை ஒரே ஏரில் பூட்டுகிறீர்கள் என்று அவர் புலம்பினார். அரசர் பிழைத்துக்கொண்டார், காளை காளையாகவே இருந்தது. 1097இல் ஆன்செல்ம் நாட்டைவிட்டு வெளியேறினார். 1098 கோடையில் இத்தாலியின் கபுவா பகுதியில் ஒரு மலைக் கிராமத்தில் தங்கி, பாதியில் நின்ற நூலை முடித்தார். ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்பது அதன் பெயர். தன் மாணவர் போசோவோடு நடத்தும் உரையாடலாக அதை அமைத்தார். போசோ கற்பனைப் பாத்திரம் அல்லர். பிற்காலத்தில் பெக் மடத்துக்கே தலைவரானவர்.

நூலின் பின்னணியில் யூதர்களின் கேள்வி இருக்கிறது. ஆன்செல்மின் நண்பரும் வெஸ்ட்மின்ஸ்டர் மடத் தலைவருமான கில்பர்ட் கிறிஸ்பின், ஒரு யூத அறிஞரோடு தான் நடத்திய விவாதத்தை எழுதி அவருக்கே காணிக்கையாக்கியிருந்தார். எல்லாம் வல்லவர் ஒரு சொல்லால் மன்னித்துவிடக்கூடாதா, மனிதராகப் பிறந்து சிலுவையில் சாக வேண்டுமா, இது அவருக்கு இழுக்கல்லவா என்பது நியாயமான கேள்வி. அதுவரை பலரும் சொல்லிவந்த பதில், மனிதர்மீது பிசாசுக்கு ஓர் உரிமை இருந்தது, அதைத் தீர்க்க வேண்டியிருந்தது என்பது. ஆன்செல்மின் நூல் அதைத் தூக்கி எறிந்தது. திருடனுக்கு என்ன உரிமை?

அவர் தந்த பதில் ஒரு சொல்லில் நிற்கிறது. லத்தீனில் ‘தெபெரே’ என்ற வினை, கடன்பட்டிருத்தல், செய்ய வேண்டியிருத்தல் என்ற இரு பொருளையும் தாங்கும். ஐரோப்பிய மாணவர்களுக்கு இதை விளக்க அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. நமக்குத் தேவையில்லை. ‘கடன்’ என்றால் வங்கியில் வாங்கியதும் உண்டு, மகனுக்குத் தந்தை ஆற்ற வேண்டியதும் உண்டு. படைக்கப்பட்ட உயிர் தன் விருப்பம் முழுவதையும் கடவுளுக்குக் கொடுக்கக் கடன்பட்டது. அதைக் கொடுக்காததே பாவம். கொடுக்கத் தவறியதைத் திருப்பித் தருவதோடு, இழைத்த அவமதிப்புக்கு மேலதிகமாகவும் தர வேண்டும். ஆனால் முழுவதுமே முன்பே கடன் என்றால், மேலதிகம் எங்கிருந்து வரும்?

போசோ இன்றைய நம்மைப்போலவே, ஒரு சின்னத் தவறுக்கு மனம் வருந்தினால் போதாதா என்கிறார். அப்போதுதான் ஆன்செல்ம் அந்தப் பார்வையை எடுத்து மேசைமேல் வைக்கிறார். நீ கடவுள் முன்னிலையில் நிற்கிறாய். அந்தப் பக்கம் பார் என்கிறார் ஒருவர். பார்க்க வேண்டாம் என்கிறார் கடவுள். ஒரே ஒரு பார்வை. அதைப் பார்த்தால் நீ அழியாமல் தப்பலாம். பார்ப்பாயா? முழு உலகமும் அழியாமல் தப்பும் என்றால்? இப்படி எண்ணற்ற உலகங்கள் தப்பும் என்றால்? போசோ ஒவ்வொரு படியிலும் இறங்கி வந்து, எதற்காகவும் பார்க்கக்கூடாதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் அந்த ஒற்றைப் பார்வையின் எடை எல்லா உலகங்களின் எடையையும் மிஞ்சுகிறது. மனிதன் ஈடுகட்டியாக வேண்டும், ஆனால் முடியாது. கடவுளால் முடியும், ஆனால் அவர் கடன்பட்டவர் அல்லர். ஆகவே இருவரும் ஒருவராக இருப்பவர் வேண்டும்.

நண்பர்களே, இரண்டு வழக்குகளும் ஒரே வேரில் கிளைத்தவை என்று இங்கே தெரிகிறது. கடவுளின் எல்லையற்ற பெருமைதான் அவரை இல்லாமல் போக முடியாதவராக்குகிறது. அதே பெருமைதான் அவருக்கு எதிரான சிறு பார்வையையும் எல்லையற்ற எடை கொண்டதாக்குகிறது. நரகம் ஏன் முடிவற்றது என்பதற்கு மேற்குத் திருச்சபையில் வெகுகாலம் சொல்லப்பட்ட காரணமும் இதுவே. எனக்கு இதில் ஒரு முள் உறுத்துகிறது. அடிபட்டவரின் அந்தஸ்தை வைத்துக் குற்றத்தை எடைபோடுவது எந்த உலகத்து நியாயம்? பண்ணையார் வாசலில் செருப்போடு நடந்தால் ஒரு தண்டனை, குடியானவர் வாசலில் நடந்தால் ஒன்றுமில்லை என்ற ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம். நார்மானிய பிரபுத்துவ வாசனை அதில் அடிக்கிறது என்று சொன்னவர்கள் பலர். ஆன்செல்முக்கு ஒரு நியாயமும் செய்தாக வேண்டும்: கடவுளின் மானத்தை உள்ளபடி யாராலும் குறைக்க முடியாது என்று அவரே எழுதுகிறார். பாவம் குலைப்பது கடவுளை அல்ல, படைப்பின் ஒழுங்கை, அழகை. பண்ணையாருக்கு இந்த மனசு வராது.

அடுத்து, பொதுவாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். ஈடு அல்லது தண்டனை, இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும் என்பதே ஆன்செல்மின் கணக்கு. ஈடு கிடைத்துவிட்டால் தண்டனை இல்லை. கிறிஸ்து நமக்குப் பதிலாகத் தண்டிக்கப்பட்டார் என்று அவர் சொல்லவில்லை. கடனில்லாதவர் தாமாக முன்வந்து, கேட்டதற்கும் மேலாகக் கொடுத்தார் என்றே சொன்னார். தண்டனையையே ஈடாக்கியது 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளின் வேலை. நம்மூர்ச் சுவிசேஷக் கூட்டங்களில் கேட்கும் நீதிமன்றக் காட்சி, அதாவது நீதிபதி தீர்ப்பு எழுதுவதும் அவர் மகனே கூண்டில் ஏறுவதும், அவர்கள் வழி வந்தது.

போசோ இன்னொன்றும் கேட்டார். எங்களை மன்னிக்கச் சொல்லும் கடவுள் தாம் மட்டும் சும்மா மன்னிக்கமாட்டாரா? அவர் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவர் ஆயிற்றே? என் மாணவரின் கேள்விதான். 900 ஆண்டு முன்னதாகவே கேட்டிருக்கிறார். ஆன்செல்ம், ஒழுங்கின்றி விட்டுவிட்டால் பாவியும் பாவமற்றவனும் ஒன்றாகிவிடுவார்கள், அநீதி நீதியைவிடச் சுதந்திரமானதாகிவிடும், அது கடவுளுக்குத் தகாது என்றார். கவனியுங்கள், சொல் மாறுகிறது. முடியாது என்ற இடத்தில் தகாது வந்துவிட்டது. அப்படியானால் அவர் கட்டாயத்தில் செய்கிறாரா? இல்லை, நேர்ந்துகொண்ட ஒருவர் நேர்த்தியை நிறைவேற்றுவது போல என்கிறார். நேர்ந்தபின் அது அவசியம்தான். ஆனால் நேர்ந்தது அவர் மனசார. அவரை வெளியிலிருந்து கட்டும் அவசியம் எதுவும் இல்லை. மாறாத மனசுக்கு நாம் வைத்த பெயரே அவசியம்.

அக்வினாஸ் இதையும் தளர்த்தினார். அவர் கணக்கு எளிது. ஒரு நீதிபதி, இன்னொருவருக்கு இழைக்கப்பட்ட குற்றத்தைத் தம் இஷ்டப்படி விட்டுவிட முடியாது. கடவுளுக்கு மேலே யாரும் இல்லை. பாவம் அவருக்கே எதிரானது. தனக்கு இழைத்ததைத் தானே மன்னிப்பவர் யாருக்கும் அநீதி செய்யவில்லை. எனவே ஈடின்றியும் மன்னித்திருக்கலாம். சிலுவைவழி அதிகப் பொருத்தமானது, அவ்வளவே. இருப்பில் அவசியம் உண்டு, தண்டனையில் இல்லை என்று இரண்டையும் தனித்தனிக் குடத்தில் ஊற்றிவைத்தவர் அவர்.

குடங்கள் மறுபடி கலந்தது 17ஆம் நூற்றாண்டில். கலக்கத் தூண்டியவர் ஃபாஸ்டோ சோசினி என்ற இத்தாலியர். 1594இல் அச்சான அவர் நூல், ஈடு என்ற கட்டடத்தின் அடிக்கல்லையே பெயர்த்தது. கடன் அடைக்கப்பட்டால் மன்னிக்க என்ன இருக்கிறது? மன்னித்துவிட்டால் எதை அடைப்பது? பணத்தை இன்னொருவர் கட்டலாம், தண்டனையை எப்படி இன்னொருவர் கட்டுவார்? 1617இல் டச்சுச் சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸ், கடவுளைக் கடன்கொடுத்தவராகப் பார்க்காதே, ஆட்சியாளராகப் பார் என்று பதில் சொன்னார்.

ஜான் ஓவனுக்கு அது போதவில்லை. அவர் ஆக்ஸ்ஃபோர்டின் துணைவேந்தர், கிராம்வெல் காலத்துப் பியூரிட்டன்களில் முதல்வரிசைக்காரர். கடவுள் நினைத்தால் ஈடில்லாமலும் மன்னித்திருக்கலாம் என்று 1640களில் அவரே எழுதியவர். பிறகு மனம் மாறி, 1653இல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். பாவத்தைத் தண்டிக்கும் நீதி கடவுளின் விருப்பம் அல்ல, இயல்பு. பாவம் என்று ஒன்று இருந்துவிட்டால் அதைத் தண்டிக்காமல் விட்டால் அவர் கடவுளாக இருக்கமாட்டார் என்றார். அவர் எதிர்த்தது சோசினியர்களை மட்டுமல்ல, தம் கட்சிக்காரர்களையே: வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையின் முதல் தலைவரான வில்லியம் ட்விஸ், அப்பேரவைக்கு ஸ்காட்லாந்து அனுப்பிய சாமுவேல் ரதர்ஃபோர்டு. ட்விஸ் 1646இலேயே இறந்துவிட்டதால் பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று.

எதிர்த்தரப்பின் வாதம் கூர்மையானது. நெருப்பு சுடுவதுபோல் இயல்பால் தண்டிக்கிறார் என்றால், நெருப்பு நாளை சுடுகிறேன் என்று தவணை கொடுக்குமா? பக்கத்து வீட்டுக்காரரைச் சுட்டுக்கொள்கிறேன் என்று இடம் மாற்றிக்கொள்ளுமா? தண்டனையைத் தள்ளிப்போடுவதும் இன்னொருவர்மேல் சுமத்துவதும் விருப்பத்தின் வேலைகள். ஓவன் அசரவில்லை. தண்டிப்பது இயல்பு, எப்போது, எவ்வளவு, யார் மூலம் என்பது விருப்பம் என்று பிரித்துக் காட்டினார்.

ஓவனின் தருக்கம் எனக்கு மதிப்புக்குரியது, முடிவு ஏற்புடையதல்ல. அவர் கணக்கில் நீதி செயல்பட்டே ஆக வேண்டும், இரக்கம் விரும்பினால் செயல்படலாம். தண்டனை இயல்பாகிவிட்டது, இரக்கம் சலுகையாகிவிட்டது. கடவுள் இல்லாமல் இருக்க முடியாது என்ற மேடையில் தண்டனைக்கு ஓர் இருக்கை போட்டவர், இரக்கத்தை ஏன் கீழே நிற்க வைத்தார்? அதற்காக ரதர்ஃபோர்டு பக்கம் சாய்ந்துவிடவும் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாம் விருப்பம் என்றால் நாளை அவர் வேறு விரும்பலாம். காரணம் கேட்க முடியாத அரசர்களை வரலாறு போதுமான அளவு தந்திருக்கிறது.

ஓவன் வாழ்ந்த அதே ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில், நினிவே ஈசாக்கின் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட எழுத்துகளைத் தாங்கிய சிரியக் கையெழுத்துப் படி ஒன்றை 1983இல் செபாஸ்டியன் பிராக் என்ற அறிஞர் அடையாளம் கண்டார். ஈசாக் 7ஆம் நூற்றாண்டுக்காரர், இன்றைய கத்தார் பகுதியில் பிறந்தவர். கடவுளை நீதியுள்ளவர் என்று சொல்லாதீர்கள், உங்கள் விஷயத்தில் அவர் நீதியைக் காட்டவே இல்லையே என்பது அவர் கட்சி. நரகமும் அன்பின் வேலையாகவே இருக்கும், பழிவாங்கும் கடவுள் என்பது பேச்சுக்கே ஆகாது என்பது புதிதாகக் கிடைத்த பக்கங்களின் சாரம். ஆன்செல்மின் தராசு இவரிடம் இல்லை. இவர் கிழக்கு, அவர் மேற்கு. ஒருவர் எழுத்தை மற்றவர் கண்டதில்லை.

என் மாணவருக்குத் தர வேண்டியது இன்னும் இருக்கிறது. தம்பி, நீங்கள் எங்கிருந்தாலும் கேளுங்கள். முதல் ‘முடியாது’ ஓர் இயலாமை அல்ல. அவரை இல்லாமலாக்க எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். இரண்டாவது ‘முடியாது’ தவறான மொழிபெயர்ப்பு. அங்கே இருக்க வேண்டிய சொல் ‘பொறு’.

தமிழில் இயேசு கற்பித்த செபத்துக்கு இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் இருந்ததை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். சீர்திருத்தச் சபையார் கடனை மன்னிக்கக் கேட்டார்கள். பழைய கத்தோலிக்க வடிவம் பாவத்தைப் பொறுக்கக் கேட்டது. கடன் என்றதும் கணக்குப் புத்தகம் திறக்கிறது, ஆன்செல்ம் பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறார். பொறுத்தல் வேறு. தூண் கூரையைப் பொறுக்கிறது. தாய் வலியைப் பொறுக்கிறாள். பொறையுடைமைக்கு வள்ளுவர் நிலத்தை உவமை காட்டினார். மன்னிப்பதையும் சுமப்பதையும் ஒரே சொல்லில் வைத்த மொழி நம்முடையது மட்டுமல்ல. எபிரேயத்தில் ‘நாசா’ என்றால் தூக்குதல், சுமத்தல். பாவத்தைக் குற்றவாளி சுமந்தால் அதற்குத் தண்டனை என்று பொருள். அதே வினைக்குக் கடவுள் எழுவாயாக வந்தால் மன்னிப்பு என்று பொருள். யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் மோசேக்குத் தம் பெயரை அறிவிக்கும் கடவுள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார். குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடமாட்டேன் என்றும் அதே மூச்சில் சொல்கிறார். பார்வைக்கு எடை உண்டு என்று ஆன்செல்ம் சொன்னது சரி. எடையை இறக்கி வைத்தே ஆக வேண்டும், ஒருவரை வதைத்தாவது இறக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆன்செல்மும் கணக்கை முடிக்கவில்லை. 1109இல் குருத்து ஞாயிறன்று கேன்டர்பரியில் படுக்கையில் இருந்தார். ஈஸ்டருக்குள் ஆண்டவரிடம் போய்விடுவீர்கள் போலிருக்கிறது என்று ஒரு சகோதரர் சொன்னார். அவர் அழைத்தால் போகிறேன் என்றார் ஆன்செல்ம். ஆனால் ஆன்மா எங்கிருந்து தோன்றுகிறது என்ற கேள்வி ஒன்று மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தீர்க்கும்வரை விட்டுவைத்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன், எனக்குப் பிறகு யாராவது தீர்ப்பார்களா என்று தெரியவில்லையே என்றாராம். பாவம் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகிறது என்ற வழக்கின் சாவி அந்தக் கேள்வியில் இருந்தது. ஏப்ரல் 21, புதன்கிழமை விடியற்காலையில், தம் 76ஆவது வயதில், சாக்குத்துணியில் சாம்பல் பரப்பி அதன்மேல் கிடத்தியிருக்க, அவர் மூச்சு அடங்கியது. நூல் எழுதப்படவில்லை.